இரண்டடித் தொட்டிக்கு 50 வாட் ஹீட்டர்

பொள்ளாச்சியில் மார்கழி விடியலில் எங்கள் மீன் தொட்டியின் நீர் 21 டிகிரி செல்சியஸ் வரை இறங்கிவிடுவதால், 26 டிகிரியை விரும்பும் ஏஞ்சல் மீன்களுக்காக, கடைக்காரர் எடுத்துக்கொடுத்த 300 வாட் ஹீட்டரை மறுத்து, வெப்பக் கட்டுப்பாடுள்ள 50 வாட் ஹீட்டரையே வாங்கினேன். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி விளிம்புவரை ஏறத்தாழ 56 லிட்டர் கொள்ளும். கூழாங்கற்கள் போக 50 லிட்டரே நிற்கும் என்பதால், லிட்டருக்கு ஒரு வாட் என்ற கணக்கு நம் கொங்குக் குளிருக்குப் போதும். ஊட்டிக்காரர்கள் கூடுதலாகத்தான் பார்க்க வேண்டும். பெரிய ஹீட்டர் பழுதாகி அணையாமல் நின்றுவிட்டால், சிறு தொட்டியின் நீர் மளமளவெனச் சூடேறி மீன்கள் மடிந்துவிடும். எனக்கு அந்த அச்சமே பெரிது. இரண்டு மாதப் பயன்பாட்டில், குமிழை 26-இல் நிறுத்தினாலும் தனி வெப்பமானி 25 என்றே காட்டுவது ஒன்றுதான் குறை. நீர் மாற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்பே மின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். சூடான கண்ணாடிக் குழாய் வெளிக்காற்றுப் பட்டால் விரிசல் விடக்கூடும்.