கண்ணாடிய எடுத்துட்டா கேமரா சின்னதாயிடுமா? சின்ன மிரர்லெஸ்ஸா, டிஎஸ்எல்ஆரா

முதல்ல ரெண்டு எண்ண பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. நிக்கான் டி3500, அது டிஎஸ்எல்ஆர், அதாவது லென்ஸ் வழியா வர்ற வெளிச்சத்த உள்ள ஒரு கண்ணாடி திருப்பி கண்ணுக்கு அனுப்புற கேமரா, பேட்டரி மெமரி கார்டெல்லாம் போட்டா 415 கிராம். சோனி ஏ6400, இது மிரர்லெஸ், அந்தக் கண்ணாடி இல்லாதது, அதே மாதிரி பேட்டரி கார்டோட 403 கிராம். ரெண்டுலயும் படம் பதியிற சென்சார் ஏபிஎஸ்-சிங்கற ஒரே வகை அளவு, ரெண்டும் 24 மெகாபிக்சல், எடையில வித்தியாசம் வெறும் 12 கிராம். மிரர்லெஸ்னா எடை பாதியாயிடும்னு நம்பி இருக்குற கேமராவ வித்துட்டு மாறுன சிலபேர எனக்குத் தெரியும், அவங்க யாரும் இந்த ரெண்டு எண்ண சேத்து வச்சுப் பாக்கல.

அப்போ மிரர்லெஸ் சின்னதுங்கறது பொய்யான்னா, இல்ல. கையில எடுத்தா வித்தியாசம் உடனே தெரியும். டி3500 உயரம் 97 மிமீ, ஏ6400 உயரம் 67 மிமீ. கண்ணாடியும் அதுக்கு மேல கூம்பு மாதிரி உக்காந்திருக்குற பென்டாமிரரும் போனதால மேல இருக்குற மேடு காணாம போயிடுது, பாடியும் தட்டையாயிடுது. ஆனா நிஜமான லாபம் லென்ஸ மாட்டும்போதுதான். டி3500 கூட வர்ற 18-55 லென்ஸ் 205 கிராம், சோனியோட 16-50 வெறும் 116 கிராம், மூடி வச்சா 30 மிமீ தடிமன்தான். பையில பக்கவாட்டுல சொருகிட்டுப் போகலாம்ங்கறது அந்த லென்ஸாலதான், பாடியால மட்டும் இல்ல.

இதுக்குக் காரணம் சிம்பிள். லென்ஸ் மாட்டுற வளையத்துக்கும் (அதான் மவுன்ட்) சென்சாருக்கும் நடுவுல கண்ணாடி மேல கீழ ஆட இடம் வேணும், அதனால நிக்கான் எஃப் மவுன்ட்ல 46.5 மிமீ, கேனான் ஈஎஃப் மவுன்ட்ல 44 மிமீ இடைவெளி விட்டிருக்காங்க. மிரர்லெஸ்ல அந்த இடம் தேவையே இல்ல, சோனி ஈ மவுன்ட் 18 மிமீ, நிக்கான் இசட் 16 மிமீ. அகலமா காட்டுற வைடு லென்ஸ் செய்றவங்களுக்கு இது பெரிய விடுதலை, ஏன்னா லென்ஸோட கடைசிக் கண்ணாடிய சென்சார் பக்கத்துலயே கொண்டு போய் வைக்கலாம், முன்னாடி மாதிரி தூரத்துலருந்து ஒளிய நீட்டி அனுப்ப வேண்டாம். ஆனா தூரத்துல இருக்குறத பக்கத்துல காட்டுற டெலி லென்ஸுக்கு இதுல ஒரு பிரயோஜனமும் கிடையாது. கேனானோட டிஎஸ்எல்ஆர் 70-200 எஃப் 2.8 (எஃப் எண் சின்னதானா லென்ஸ் அகலமா திறக்கும், வெளிச்சம் அதிகம் வரும்) ரெண்டாவது வெர்ஷன் 1490 கிராம், சோனி மிரர்லெஸ்ஸுக்கு முதல்ல விட்ட 70-200 எஃப் 2.8 ஜிஎம் 1480 கிராம். பத்தே கிராம்! அப்புறம் வந்த புது ஜிஎம் 1045 கிராமுக்கு இறங்குச்சு, அது கண்ணாடி இல்லாததால இல்ல, லென்ஸையே புதுசா டிசைன் பண்ணதால.

டெலிலயும் சின்னதா வேணும்னா சென்சாரத்தான் சின்னதாக்கணும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் அதுக்குத்தான் வந்துச்சு. 2008-ல ஒலிம்பஸும் பானசோனிக்கும் சேந்து ஆரம்பிச்ச சிஸ்டம் அது, முதல் கேமரா பானசோனிக் ஜி1, சென்சார் 17.3க்கு 13 மிமீ, அதாவது ஃபுல் ஃப்ரேம்ங்கற 35 மிமீ ஃபிலிம் அளவு சென்சாரோட பரப்புல ஏறக்குறைய கால்வாசி. அதுல 35-100 எஃப் 2.8 லென்ஸ் 360 கிராம்தான், ஃப்ரேம்ல விழுற காட்சி ஃபுல் ஃப்ரேம் 70-200 காட்டுற அதே அளவு. ஒன்றரைக் கிலோ எங்க, 360 கிராம் எங்க. ஆனா இதுக்கு விலை உண்டு, பின்னணி மங்குறது ஃபுல் ஃப்ரேம்ல எஃப் 5.6 வச்ச மாதிரிதான் இருக்கும், இருட்டுல ஐஎஸ்ஓ, அதாவது சென்சாரோட உணர்திறன, ஏத்துனா புள்ளி புள்ளியா நாய்ஸும் சீக்கிரமே வந்துடும். ஆள் முகம் மட்டும் கூர்மையா, பின்னாடி எல்லாம் வெண்ணெய் மாதிரி கரையணும்னு ஆசைப்படுறவங்க இத முன்கூட்டியே யோசிச்சுக்கணும்.

உண்மையிலேயே எவ்வளவு சின்னதாக்க முடியும்னு காட்டுனது 2013-ல வந்த பானசோனிக் ஜிஎம்1. பேட்டரியோட 204 கிராம், கூட மாட்டுற 12-32 லென்ஸ் 70 கிராம், மொத்தமே 274. இவ்வளவு சின்னதுக்குள்ள திணிக்கணும்னு மெக்கானிக்கல் ஷட்டர 1/500 செகண்டோட நிறுத்திட்டாங்க, அதுக்கு மேல வேகம் வேணும்னா எலக்ட்ரானிக் ஷட்டர்தான். கிரிப் கிடையாது, கண்ண வச்சுப் பாக்குற வியூஃபைண்டர் கிடையாது. சின்ன மிரர்லெஸ் வாங்குறப்போ பாக்க வேண்டியது இதத்தான், இந்தச் சின்னதுக்காக எத எடுத்திருக்காங்கன்னு.

எனக்கு எல்லாத்தையும் விட பெரிய விஷயம் வியூஃபைண்டர், அதனால அதப்பத்தி கொஞ்சம் நீளமாவே சொல்றேன். டிஎஸ்எல்ஆர்ல நீங்க பாக்குறது நிஜ வெளிச்சம், லென்ஸ் வழியா வந்து கண்ணாடியில பட்டு மேல ஏறி உங்க கண்ணுக்கு வருது. அதுல தாமதம்ங்கற பேச்சே இல்ல, கரண்டும் செலவாகாது, ஒரு மரக்கிளைய முக்கால் மணி நேரம் பாத்துக்கிட்டே இருந்தாலும் கண்ணு வலிக்காது. ஆனா அதுல தெரியறது உங்க கண்ணு பாக்குற காட்சி, சென்சார் எடுக்கப் போற படம் இல்ல. ஜன்னலுக்கு முன்னாடி ஒருத்தர நிக்க வச்சு எடுத்தா முகம் கருப்பாயிடும்னு அனுபவம் இருக்குறவங்களுக்குத் தெரியும், புதுசா கத்துக்கிறவங்க எடுத்துப் பாத்து, பின்னாடி ஸ்க்ரீன்ல பாத்து, திருத்தி, மறுபடி எடுக்கணும், அதுக்குள்ள அந்தச் சிரிப்பு போயிடும்.

மிரர்லெஸ்ல இருக்குற எலக்ட்ரானிக் வியூஃபைண்டர்ங்கறது சென்சார் பாக்குறத காட்டுற குட்டி ஸ்க்ரீன், அதுல முகம் கருப்பா விழப் போகுதுன்னா கருப்பாவே தெரியும், டயல ஒரு சுத்து சுத்துனா வெளிச்சமாகுறதும் அங்கயே தெரியும். எக்ஸ்போஷர், அதாவது படத்துல எவ்வளவு வெளிச்சம் விழணும்ங்கற கணக்கு, பத்தி நான் பல வருஷமா படிச்சு மண்டையில ஏறாதது இதுல ரெண்டு வாரத்துல கைக்கு வந்துச்சு. படத்துல இருட்டு வெளிச்சம் எவ்வளவுன்னு காட்டுற ஹிஸ்டோகிராம் வரைபடத்த கண்ணு முன்னாடியே வச்சுக்கலாம், மேனுவல் ஃபோகஸ் பண்றப்போ பெருசாக்கிப் பாக்கலாம், ஃபோகஸ் இருக்குற விளிம்பெல்லாம் கலர்ல மின்னும். இருட்டுல டிஎஸ்எல்ஆரோட ஆப்டிக்கல் வியூஃபைண்டர்ல ஒண்ணும் தெரியாத எடத்துல இது வெளிச்சமாக்கிக் காட்டும், கொஞ்சம் புள்ளி புள்ளியா இருந்தாலும் ஆள் எங்க நிக்கிறாருன்னாவது தெரியும்.

இதுல ஒரு எச்சரிக்கை இருக்கு. ரொம்பச் சின்ன மாடல்ல வியூஃபைண்டரே இருக்காது, ஒலிம்பஸ் ஈ-பி1, பானசோனிக் ஜிஎஃப்1, சோனி நெக்ஸ்-5, கேனான் இஓஎஸ் எம் எல்லாமே அப்படி வந்ததுதான். உச்சி வெயில்ல ஸ்க்ரீன்ல ஒண்ணும் தெரியாது, கைய நீட்டிப் பிடிச்சு எடுக்குறதால ஆட்டமும் அதிகம். கேமராவ முகத்தோட ஒட்டிப் பிடிக்கிறப்போ கிடைக்கிற உறுதி வேற. வியூஃபைண்டர் இல்லாதத நான் யாருக்கும் முதல் கேமராவா சொல்ல மாட்டேன், போன்லருந்து மாறி வர்றவங்களுக்குக் கூட.

ஃபோகஸ் விஷயத்துக்கு வருவோம். டிஎஸ்எல்ஆர்ல ஃபோகஸ் பாக்குற சென்சார் தனியா கண்ணாடிக்குக் கீழ இருக்கு, படம் விழுறது வேற சென்சார்ல. இந்த ரெண்டுக்கும் தூரம் துளி மாறினாலும் கண்ணுல வச்ச ஃபோகஸ் மூக்குலயோ காதுலயோ போய் விழும், இதத்தான் ஃப்ரன்ட் ஃபோகஸ் பேக் ஃபோகஸ்னு சொல்றது. பெரிய பாடியில அத சரி பண்ண மெனு இருக்கும், டி3500 மாதிரி ஆரம்ப நிலை பாடியில இருக்காது. மிரர்லெஸ்ல படம் விழுற சென்சாரே ஃபோகஸும் பாக்குறதால இந்தத் தொல்லை அடியோட இல்ல. எண்ணிக்கையும் பாருங்க, டி3500-ல 11 ஃபோகஸ் பாயின்ட், எல்லாம் நடுவுல கூட்டமா. ஏ6400-ல 425, ஃப்ரேம் ஓரம் வரைக்கும், அதோட ஆள் கண்ணத் தானா தேடிப் புடிச்சுக்கும். குழந்தைங்கள எடுக்குறவங்களுக்கு இது ஒண்ணு போதும் மாறுறதுக்கு. ஆனா பழைய மிரர்லெஸ்ஸ செகண்ட் ஹேண்ட்ல எடுக்குறவங்க கவனம், ஆரம்ப காலத்து மாடல் பெரும்பாலும் கான்ட்ராஸ்ட் ஃபோகஸ்தான், அதாவது லென்ஸ முன்ன பின்ன நகத்தி எங்க கூர்மையாகுதுன்னு தேடுறது, நிக்கிற பொருளுக்கு நல்லாவே வேலை செய்யும், ஓடுறத துரத்தச் சொன்னா முன்னயும் பின்னயும் தேடிக்கிட்டே இருக்கும். சோனி ஏ6000 வந்த 2014 வாக்குலதான் சின்ன பாடியிலயும் இது நம்புற அளவுக்கு ஆச்சு.

பேட்டரில டிஎஸ்எல்ஆர் ஜெயிக்குது, அதுவும் சாதாரணமா இல்ல. கேமரா கம்பெனிங்க சங்கமான சிஐபிஏவோட ஒரே டெஸ்ட் முறையில டி3500 ஒரு சார்ஜுக்கு 1550 படம், ஏ6400 வியூஃபைண்டர்ல பாத்து எடுத்தா 360. ஒரு தடவ விடியறதுக்கு முன்னாடியே மலை ஏறி, குளிர்ல சூரியனுக்காகக் காத்துக்கிட்டு கேமராவ ஆன்லயே வச்சிருந்தேன், வெளிச்சம் வர்ற நேரத்துல பேட்டரி சிகப்பாகி அணைஞ்சு போச்சு. குளிர்ல பேட்டரி சீக்கிரம் இறங்கும்னு தெரியும், ஆனா எடுக்காம சும்மா பாத்துக்கிட்டு இருக்குறதே செலவுங்கறது டிஎஸ்எல்ஆர்லருந்து வந்தவனுக்கு உறைக்கவே இல்ல. அன்னைக்கு வந்த வெளிச்சம் இன்னும் மனசுல இருக்கு, படமாத்தான் இல்ல. இப்போ கூடுதலா ரெண்டு பேட்டரி எப்பவும் உடம்போட ஒட்டின பாக்கெட்ல இருக்கும், பவர் பேங்க்லருந்து யுஎஸ்பி வழியா சார்ஜ் ஏத்திக்கிற வசதியும் நிறைய மிரர்லெஸ்ல இருக்கு.

தூசி இன்னொண்ணு, லென்ஸக் கழட்டினா மிரர்லெஸ்ல சென்சார் நேரா வெளிய தெரியும், டிஎஸ்எல்ஆர்ல கண்ணாடியும் ஷட்டரும் முன்னாடி மறைச்சு நிக்கும். ஆஃப் பண்ணிட்டு லென்ஸ் மாட்டுற வாய கீழ பாத்து கவுத்து வச்சு மாத்துனா போதும், நான் அப்படித்தான் பண்றேன், பெருசா பிரச்சனை வந்ததில்ல.

சத்தம் பத்திச் சொல்லணும். கண்ணாடி அடிக்கிற அந்தச் சத்தம் சிலபேருக்குப் பிடிக்கும், ஆனா தூங்குற குழந்தைய எடுக்குறப்போ, மேடையில ஒருத்தர் மெல்லப் பாடுறப்போ, அது எல்லாரையும் திரும்ப வைக்கும். எலக்ட்ரானிக் ஷட்டர் சத்தமே போடாது. ஆனா சென்சார வரி வரியா படிக்கிறதால வேகமா சுத்துற மட்டை வளைஞ்சு தெரியும், எல்ஈடி லைட்டுக்குக் கீழ கோடு கோடா விழும். சோனி ஏ9, நிக்கான் இசட்9 மாதிரி ரொம்ப வேகமா படிக்கிற சென்சார் இருக்குறதுல இது பெரும்பாலும் தெரியாது, அதெல்லாம் நாம இங்க பேசுற சின்ன கேமரா இல்ல.

இப்போ யாரும் அவ்வளவா பேசாத ஒரு விஷயம், சிஸ்டத்தோட ஆயுசு. 2020-க்கு அப்புறம் கேனானும் நிக்கானும் புது டிஎஸ்எல்ஆர் கொண்டு வரல, டிஎஸ்எல்ஆர் செத்துப் போச்சுன்னு சொல்றவங்க இதத்தான் காட்டுவாங்க. சரிதான், ஆனா சின்ன மிரர்லெஸ் சிஸ்டங்களும் செத்திருக்கு. நிக்கான் 1 2011-ல வந்து 2018-ல நின்னுச்சு, பென்டாக்ஸ் க்யூ நின்னுச்சு, கேனான் இஓஎஸ் எம் நின்னுச்சு. இதுல நெஞ்சு எரியுற இடம் என்னன்னா, பழைய கேனான் ஈஎஃப் லென்ஸ ஒரு அடாப்டர் போட்டு இன்னைக்கு கேனானோட புது ஆர்எஃப் மவுன்ட் மிரர்லெஸ்ல ஆட்டோ ஃபோகஸோட மாட்டலாம், நிக்கான் டிஎஸ்எல்ஆரோட ஏஎஃப்-எஸ் லென்ஸ இசட்ல மாட்டலாம், ஆனா சின்னதா இருக்குன்னு ஆசையா இஓஎஸ் எம் லென்ஸ் சேத்தவங்களால ஆர்எஃப்ல மாட்ட முடியாது, ஏன்னா எம் மவுன்ட் இடைவெளி 18 மிமீ, ஆர்எஃப் 20 மிமீ, அடாப்டருக்கு இடமே இல்ல. பெரிய டிஎஸ்எல்ஆர் லென்ஸ் வச்சிருந்தவரு தப்பிச்சாரு, சின்ன மிரர்லெஸ்ஸ நம்பி வந்தவரு மாட்டிக்கிட்டாரு. பாடிய வாங்குறதுக்கு முன்னாடி அந்த மவுன்ட்டுக்கு இப்பவும் லென்ஸ் வந்துக்கிட்டிருக்கான்னு பாருங்கன்னு நான் திரும்பத் திரும்பச் சொல்றதுக்கு இதான் காரணம்.

அதே இடைவெளிக் கணக்கு இன்னொரு பக்கம் பெரிய வரமும் கூட. கேனான் 1987-ல ஈஎஃப் மவுன்ட்டுக்கு மாறினப்போ அதுக்கு முன்னாடி இருந்த எஃப்டி லென்ஸெல்லாம் அனாதையாச்சு, டிஎஸ்எல்ஆர்ல நடுவுல கூடுதலா ஒரு லென்ஸ் வில்லை வைக்காம தூரத்துக்கு ஃபோகஸே ஆகாது. மிரர்லெஸ்ல வெறும் வளையம் போட்டா போதும், அலமாரியில தூங்கிட்டிருந்த அந்த 50 மிமீ மறுபடி உயிரோட வரும். ஃபோகஸ கையாலதான் சுத்தணும், சுத்துறதே ஒரு சந்தோஷம்.

கையில பிடிக்கிறது ஒவ்வொருத்தர் கையப் பொறுத்தது. பெரிய கை இருக்குறவங்களுக்கு சின்ன பாடியில சுண்டு விரல் கீழ தொங்கும், பட்டனெல்லாம் நெருக்கமா இருக்கும், முன்னாடி ஒரு கிலோ லென்ஸ மாட்டுனா மணிக்கட்டு வலிக்கும்.

என்கிட்ட இப்போ ரெண்டும் இருக்கு. தினம் கூட வர்றது மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் பாடி ஒண்ணு, 100 கிராம் பானசோனிக் 20 மிமீ எஃப் 1.7, 116 கிராம் ஒலிம்பஸ் 45 மிமீ எஃப் 1.8. நடந்து போறதுக்கு, வீட்டு ஆளுங்கள எடுக்குறதுக்கு, ஊர் சுத்துறதுக்கு டிஎஸ்எல்ஆர நான் தேடுனதே இல்ல, முன்னாடி அத வீட்லயே வச்சுட்டுப் போன நாள்தான் அதிகம். பறவைக்கு மட்டும் இன்னும் பழைய டிஎஸ்எல்ஆரும் 300 மிமீ லென்ஸும்தான். விடியறதுக்கு முன்னாடி குளத்தங்கரையில போய் உக்காந்து, வியூஃபைண்டர்ல வச்சா மூணு மணி நேரம் கண்ண விலக்க மாட்டேன், அந்த நேரம் பூரா பேட்டரி அளவு ஒரு கோடு கூட இறங்காது.