இருக்கிற ஃபைலைக் காணோம் என்கிறது: கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் அனுபவம்

பல்லடத்தில் நிட்டிங் போட்டிருக்கும் நண்பர் கேட்டார்: "ஏனுங்ணா, புது கம்ப்யூட்டர் மாத்துனதுல இருந்து டிசி பிரிண்ட் வர மாட்டேங்குது. ஏதோ டிஎல்எல் காணோமாம். எந்த சைட்ல இறக்கறதுங்க?" டிசி என்பது துணியோடு அனுப்பும் டெலிவரி சலான்; டிஎல்எல் என்பது புரோகிராம் கூப்பிட்டுப் பயன்படுத்தும் துணை ஃபைல். அதை எந்த சைட்டிலும் இறக்க வேண்டாம்.

எங்கள் திருப்பூர் யூனிட்டில் பில்லிங் சாஃப்ட்வேருக்குப் பின்னால் பிரிண்ட் எடுத்துத் தருவது கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ்தான். வேலையில் குறை சொல்ல மாட்டேன். ஒரே லாட்டில் மூன்று டயா (துணியின் விட்ட அளவு) துணி போனாலும் டயாவாரியாக ரோல், கிலோ, கடைசியில் மொத்தம் என்று பிரித்துத் தந்துவிடும். டையிங்காரர் எடை போடும்போது அந்தத் தாளைத்தான் கையில் வைத்துக்கொள்வார்.

எரிச்சல் எல்லாம் அந்த ஒரு எரர் பெட்டியில். என்ட்ரி போடும்வரை மூச்சு விடாது. துணி ஏற்றிய வண்டி வாசலில் நிற்கும்போது, பிரிண்ட் கொடுத்த பிறகுதான் 'சிஆர்டிபி_அடோபிளஸ்.டிஎல்எல்' லோடு ஆகவில்லை என்று சொல்லும். சிஸ்டத்தில் தேடிப் பார்த்தால் ஃபைல் குத்துக்கல்லாட்டம் இருக்கும்!

விஷயம் இதுதான். அந்த டிஎல்எல், மைக்ரோசாஃப்டின் புரோகிராம் தளமான டாட்நெட்டின் 2-ஆம் பதிப்புக் காலத்து ஆள். டாட்நெட் 4-இல் எழுதிய புரோகிராம் தனியாக அனுமதி இருந்தால்தான் அதை உள்ளே விடும். எக்ஸ்ஈக்கு (புரோகிராமின் முக்கிய ஃபைல்) பக்கத்தில் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் (அமைப்புகளை எழுதி வைக்கும் ஃபைல்), 'ஸ்டார்ட்அப்' என்ற இடத்தில் 'யூஸ்லெகசிவி2ரன்டைம்ஆக்டிவேஷன்பாலிசி' என்பது 'ட்ரூ' என்று இருக்க வேண்டும். எங்களுக்கு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவர்கள் சிஸ்டம் மாற்றியபோது எக்ஸ்ஈயை மட்டும் பென்டிரைவில் கொண்டுவந்து போட்டுவிட்டு, கான்ஃபிக் ஃபைலை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு) பணத்தில் மட்டும் ஒரு ரூபாய் விட மாட்டார்கள்.

அதைச் சரிசெய்தும் வரவில்லை என்றால் ரன்டைமை, அதாவது ரிப்போர்ட் ஓடுவதற்காகக் கம்ப்யூட்டரில் போடும் கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் பாகத்தைப் பாருங்கள். விண்டோஸ் 64 பிட் என்பதற்காக 64 பிட் ரன்டைம் போட்டு வைத்திருப்பார்கள். பார்க்க வேண்டியது பில்லிங் புரோகிராம் எத்தனை பிட் என்று. அது 32 என்றால் ரன்டைமும் 32. சைட்டில் இறக்கிய டிஎல்எல்லை சிஸ்டம்32-இல் போட்டாலும் பிரயோசனம் இல்லை. 64 பிட் விண்டோஸில் அந்த ஃபோல்டர் 64 பிட் ஃபைல்களுக்கு, 32 பிட்டுக்கு உரியது சிஸ்வாவ்64. பேர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

புதிதாக யூனிட் போடுகிறவர்களுக்கு கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸைச் சொல்வேனா என்றால், மாட்டேன். நாங்கள் மாற்றுவோமா? அதுவும் மாட்டோம், டயாவாரி டோட்டலை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.