42,000 ரூபாய்க்கு ஒரு வண்ண நகல்: பழைய கடன் பத்திரம் சேகரிப்பவர்களுக்கு எச்சரிக்கை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் நாகரிகம் பார்த்துப் பாதியை விழுங்கிவிடுவேன். பழைய நாணயம், தபால்தலை, பத்திரங்கள் விற்கும் ஓர் இணைய ஏலத் தளத்தில், சீன அரசின் 1913ஆம் ஆண்டு தங்கக் கடன் பத்திரம் ஒன்றுக்கு 42,000 ரூபாய் கட்டினேன். கூரியரில் வந்தது வண்ண நகல்.

இந்தப் பத்திரத்துக்காக வெகுநாட்களாகக் காத்திருந்தேன். மன்னராட்சி விழுந்த கையோடு கஜானா காலியாகக் கிடந்த சீன அதிபர் யுவான் ஷிகாயின் அரசு, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ரஷ்யா, ஜப்பான் நாட்டு வங்கிகளின் கூட்டணியிடம் வாங்கிய இரண்டரைக் கோடி பவுன் கடன் அது. ஐந்து சதவீத வட்டி, 1960 வரை தவணை. அடமானமாக எழுதிக் கொடுத்தது உப்பு வரியை. 1939இல், ஜப்பானுடனான போருக்கு நடுவே, வட்டி நின்றுபோனது. அதனால்தான் பல பத்திரங்களில் அதற்குப் பிந்தைய வட்டிக் கூப்பன்கள் (வட்டி வாங்க வெட்டிக் கொடுக்கும் துண்டுகள்) வெட்டப்படாமல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்ற இடத்தைக் காகிதத்தில் விரல் வைத்துக் காட்டலாம். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

பணம் கட்டுவதற்கு முன்பு விற்பவரிடம் தொலைபேசியில் பேசினேன். உப்பு வரியைப் பற்றி நான் எடுத்ததுமே, “ரிச்சர்ட் டேன் இங்கிருந்து போனவர்தானே சார்?” என்றார். உண்மைதான். இந்தியாவில் உப்பு, கலால் துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்த டேனைத்தான் சீனாவின் உப்பு நிர்வாகத்தைச் சீரமைக்க அழைத்துக்கொண்டார்கள். இவ்வளவு தெரிந்தவர் போலியை விற்பார் என்று யாருக்குத் தோன்றும்? “காசுக்காக விற்கவில்லை சார், அருமை தெரிந்தவர் கைக்குப் போகட்டும்” என்றும் சொன்னார். அன்றிரவே 42,000 ரூபாயை அனுப்பினேன்.

உறையைப் பிரித்ததும் மடிப்புக் கோட்டை விரலால் தடவினேன். காகிதத்தில் மடிப்பே இல்லை; மடிப்பின் படம் அச்சாகியிருந்தது! லென்ஸை வைத்தால், நுணுக்கமான அலங்காரக் கோடுகள் எல்லாம் நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளிகளாய்ச் சிதறின. பத்திரத்தின் எண்தான் ஒவ்வொரு கூப்பனிலும் இருக்க வேண்டும். இதில் கூப்பன்களில் வேறு எண். வேறு ஏதோ பத்திரத்தின் படத்தை ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். அதைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை.

கேட்டதற்கு, “அசல் என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறோமே சார்” என்று பதில். அந்தச் சான்றிதழும் அதே பிரிண்டரில் வந்ததுதான். தளத்துக்கு எழுதினால், விற்பவரிடம் பேசிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். விற்பவரோ, தளத்தில் புகார் கொடுங்கள் என்கிறார். நடுவில் ஒரு பெண் ஊழியர் அன்பாகப் பேசி, புகார் எண் கொடுத்து, மறுநாளே புகாரை முடித்துவைத்துவிட்டார். 42,000 ரூபாய்க்கு ஒரு மன்னிப்புக் கடிதம்கூட இல்லை.

உச்சம் எது தெரியுமா? கடைசியாக விற்பவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி: “பத்திரமாக வைத்திருங்கள் சார், சீன அரசு ஒரு நாள் கோடிக்கணக்கில் தரும்.” இந்தக் கதையைச் சொல்லி உலகம் முழுக்க மோசடி நடக்கிறது. மக்கள் சீனம் பழைய அரசுகளின் இந்தக் கடன்களை ஏற்கவே இல்லை. இன்னொரு பழைய சீனக் கடனான 1911ஆம் ஆண்டு ஹுகுவாங் ரயில்வே பத்திரங்களுக்காக அமெரிக்க நீதிமன்றத்தில் 1982இல் கிடைத்த தீர்ப்பும் பின்னர் ரத்தாகிவிட்டது. 1987இல் பிரிட்டனுடன் செய்துகொண்ட உடன்பாடு அந்நாட்டவரின் பழைய கோரிக்கைகளுக்கானது. நமக்கு அதில் ஒன்றும் இல்லை. அசல் பத்திரமே சேகரிப்புப் பொருள் மட்டும்தான். நகலுக்கு எங்கிருந்து கோடி வரும்?

வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவற்றை விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். பத்திர எண்ணையும் கூப்பன் எண்ணையும் ஒப்பிடுங்கள். விற்பவரே தரும் சான்றிதழுக்கு மதிப்பு இல்லை. பத்திரத்தைக் காட்டிப் பணம் வாங்கலாம் என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். இதற்கிடையே அதே பத்திர எண், அதே அச்சடித்த மடிப்போடு இன்னொரு ‘அசல்’ ஏலத்துக்கு வந்திருக்கிறது. அதற்கு விலை கேட்டிருப்பவர்கள் தயவுசெய்து உடனே விலகிக்கொள்ளுங்கள்.