ஆஸ்பத்திரி ஃப்ரீ செக்கப் கிளினிக், வெறுவயித்தோட போங்க

எங்கட பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில நடக்கிற ஹெல்தி லைஃப்ஸ்டைல் கிளினிக்கப் பத்தி எழுதுவம் எண்டு பாத்தன், ஏனெண்டா இப்பிடி ஒண்டு இருக்கிறதே நம்மட ஆக்கள்ல கனபேருக்குத் தெரியா. 2011லயே இலங்கையில தொடங்கின விசயம் இது. 35 வயசு தாண்டின, சுகர் பிரஷர் எண்டு இதுவரைக்கும் மருந்து எடுக்காத ஆக்களுக்குத்தான், வருத்தம் வந்து கிளினிக் கொப்பி வச்சிருக்கிறவங்களுக்கு வேற கிளினிக்.

நிறை, உயரம், இடுப்புச் சுத்தளவு, பிரஷர், வெறுவயித்துச் சுகர், கொலஸ்ட்ரோல் எல்லாம் பாக்கிறாங்க, அஞ்சு சதம் கேக்கிறதில்ல. இடுப்ப அளக்கக்குள்ள நம்மட பொம்பிளையள் வெக்கப்படுறாங்க, ஆனா அதுதான் முக்கியம் எண்டு அங்க நிண்ட நேர்ஸ் மிஸ் சொன்னா. பொம்பிளையெண்டா 80 சென்டிமீட்டர், ஆம்பிளையெண்டா 90, அதுக்கு மேல போனா கவனிக்கணும், உயரத்துக்கு நிறை சரியா எண்டு பாக்கிற பிஎம்ஐ கணக்கும் வெள்ளைக்காரனுக்கு 25 எண்டா நமக்கு 23லயே நிறை கூட எண்டு போட்டுருவாங்க. மெல்லிசா வயிறு மட்டும் தள்ளின ஆக்கள் தப்பிச்சம் எண்டு நினைக்க வேணாம்.

எனக்குப் புடிச்சது வரிசையில இருக்கக்குள்ள அந்த மிஸ் கதைச்சதுதான். படம் காட்டி இங்கிலீசு பேரா அடுக்காம நம்மட சாப்பாட்ட வச்சே கதைச்சா. ஒரு அம்மா எழும்பி "நான் சீனிச் சாமானே தொடுறல்ல மிஸ், தேத்தண்ணி மட்டுந்தான்" எண்டா. "தேத்தண்ணிக்கு எத்தின கரண்டி சீனி அம்மா?" "மூண்டு." "ஒரு நாளைக்கு எத்தின தேத்தண்ணி?" அம்மா சிரிச்சிட்டு இருந்திட்டா, ஹோலே சிரிச்சுது. மறுகா உப்புக்கு வந்தா, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ, அதாவது ஒரு தேக்கரண்டிகூட இல்ல, கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் சேந்த அண்டைக்கு அது பகல் சோத்தோடயே முடிஞ்சிரும். பாவம், தயிரப் பத்தி ஒரு ஆள் கேட்டார், நம்மட ஊர்ல கட்டித்தயிர விடச்சொன்னா யார் கேப்பாங்க? விட வேணாம், மேல போடுற சீனியையும் பாணியையும் விடுங்க எண்டா, கெட்டிக்காரி.

வாயையும் திறந்து டோர்ச் அடிச்சுப் பாத்தாங்க. இத வேற இடத்தில நான் காணல்ல. நம்மட பக்கம் வெத்திலை போடாத கிழவன் கிழவி இல்லத்தானே, இலங்கையில ஆம்பிளையளுக்கு ஆகக் கூடுதலா வாற புத்துநோயும் வாய்ப் புத்துநோய்தான். வாய்க்குள்ள வெள்ளையாவோ சிவப்பாவோ திட்டு இருந்து ஆறாம நிண்டா காட்டச் சொன்னாங்க, நோகல்ல எண்டு விடக்கூடாதாம்.

டெங்கு பத்தியும் கொஞ்சம் சொன்னாங்க. காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும் போதும், டிஸ்ப்ரின் புரூபன் மாதிரி வேற குளிசை ஒண்டும் வேணாம், காய்ச்சல் விடுற நேரந்தான் ஆபத்து எண்டு. இது மழைக்குள்ள கேக்க வேண்டிய கதை.

இனிக் குறை. காலமையே போனாலும் கனநேரம் குந்தணும், வெறுவயித்தோட வந்த வயசான ஆக்களுக்கு தலை சுத்துது, ரத்தம் எடுத்த உடனே ஒரு பிளேன்டீ விஸ்கட்டாவது குடுக்க ஏற்பாடு செய்யலாம். ஃபேன் ஒண்டு ஓடல்ல. அத விட பெரிய பிழை, அறிவித்தல் போடுற விதம். கேற்றுக்குப் பக்கத்துப் போர்ட்டுல ஒரு துண்டு, அதுவும் மழையில கரைஞ்சு. ஆஸ்பத்திரிக்கு வந்தாத்தானே அத வாசிக்கலாம், சுகமா இருக்கிறவன் ஏன் அங்க வாறான்? வந்திருந்ததுல முக்கால்வாசி பொம்பிளையள். கடலுக்குப் போறவனும் வயலுக்குப் போறவனும் கிழமை நாள் காலமையில வர ஏலாது. வாவிக்கு அங்கால படுவான்கரை ஆக்களுக்கு பஸ் புடிச்சு வாறதே ஒரு வேலை. கோயில் திருவிழா மைக்குலயும் பள்ளிவாசல்லயும் ஒருக்காச் சொன்னா, இல்லாட்டி கதிரறுப்பு முடிஞ்ச காலத்துல ஊருக்குள்ளயே ரெண்டு மேசையப் போட்டா சனம் தானா வரும்.

அஞ்சுக்கு நாலு போடுவன். ஸ்டாஃப் எல்லாம் மரியாதையாக் கதைக்கிறாங்க, சத்தம் போட்டு விரட்டுறதில்ல.

போறதெண்டா முதல்நாள் இரவுச் சாப்பாட்டோட நிப்பாட்டுங்க, பச்சைத்தண்ணி குடிக்கலாம். அடையாள அட்டை கொண்டு போங்க. எந்தக் கிழமை எண்டு இடத்துக்கு இடம் மாறும், உங்கட எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸ்ல கேட்டுட்டுப் போங்க. வான் ஓட்டோ நிப்பாட்ட இடமில்ல, மோட்டசைக்கிள்தான் நல்லம்.