ஸ்விட்சுக்கு ஒரு கணக்கு, ஸ்பேஸ் பாருக்கு வேறு கணக்கு: விசைப்பலகைக்கு மசகு எப்போது இடுவது?

ஒவ்வொரு விசைக்கடியிலும் ஸ்பிரிங் வைத்த தனி ஸ்விட்ச் கொண்ட மெக்கானிக்கல் விசைப்பலகைக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மசகு இட வேண்டும் என்று கேட்டால் மூன்று விதமான விடைகள் கிடைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பிரித்துப் புதிதாகப் பூச வேண்டும் என்பார் ஒருவர். உரசலோ சத்தமோ தெரிந்தால் மட்டும் கைவைத்தால் போதும் என்பார் இன்னொருவர். முதல்முறை ஒழுங்காகப் பூசிவிட்டால் பிறகு திறக்கவே தேவையில்லை என்பார் மூன்றாமவர். மூவரும் தத்தம் அனுபவத்திலிருந்துதான் பேசுகிறார்கள். ஆனால் ஒவ்வொருவர் மனத்திலும் இருக்கும் பாகம் வேறு வேறு. இந்த அலசலில் நான் பிடித்துக்கொள்ளப் போவது அந்த வேறுபாட்டைத்தான்.

தேதி பார்த்துச் செய்யும் முறையின் ஈர்ப்பு எளிதில் புரிகிறது. எதையும் கவனித்து முடிவெடுக்க வேண்டியதில்லை. வண்டிக்கு எஞ்சின் ஆயில் மாற்றுவதைப்போல, நாள் வந்ததும் செய்துவிடலாம். ஆனால் வண்டி ஆயில் வெப்பத்தாலும் கரியாலும் கெட்டுப்போகிறது; ஸ்விட்சுக்குள் அப்படி எதுவும் நடப்பதில்லை. பலரும் பயன்படுத்தும் கிரைடாக்ஸ் 205 கிரேடு 0 கிரீஸ், புளோரின் கலந்த ஒரு செயற்கை எண்ணெயை டெஃப்லான் வகைத் தூளால் கெட்டிப்படுத்திச் செய்யப்படுவது. அறை வெப்பநிலையில் அது ஏறக்குறைய ஆவியாவதே இல்லை. காற்றுப் பட்டுக் கெடுவதில்லை. ஸ்விட்சின் பிளாஸ்டிக்கையும் பாதிப்பதில்லை. காலம் கடந்தது என்ற ஒரே காரணத்துக்காக அதை மாற்ற வேண்டியதில்லை. அதை இடத்தைவிட்டு நகர்த்துவது விரல்களின் வேலைதான்.

அந்த வேலையோ எல்லா விசைகளுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. ஒரு நாளுக்கு 20,000 அழுத்தங்கள், ஆண்டுக்கு 250 வேலை நாட்கள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 50 லட்சம் அழுத்தங்கள் ஆகின்றன. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்பவருக்கு அதில் ஏறக்குறைய ஆறில் ஒன்று ஸ்பேஸ் பாரின் பங்கு, அதாவது 8 லட்சத்துக்கு மேல். அதே ஓர் ஆண்டில் இசட் விசைக்குச் சில ஆயிரம் அழுத்தங்களே கிடைக்கும். செர்ரி எம்எக்ஸ் ரெட் போன்ற ஸ்விட்சுக்கு அதன் தயாரிப்பாளர் குறிப்பிடும் ஆயுள் 10 கோடி அழுத்தங்கள் என்பதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இசட் விசையின் ஸ்விட்சை ஆண்டுதோறும் பிரிப்பது எவ்வளவு வீண்வேலை என்பது விளங்கும்.

வீண்வேலை என்பதோடு அது நிற்பதுமில்லை. 87 விசைகள் கொண்ட பலகையில் ஒவ்வொரு ஸ்விட்சையும் பிடுங்கி, மேல்மூடியைத் திறந்து, விசையோடு மேலும் கீழும் நகரும் தண்டான ஸ்டெம்மையும் ஸ்பிரிங்கையும் எடுத்து, தடங்களில் தூரிகையால் பூசி மூட இரண்டு நிமிடம் என்றாலும் மூன்று மணி நேரம் போய்விடும். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் மெல்லிய உலோகக் கால்கள் வளையும் வாய்ப்பு உண்டு. ஸ்விட்சுகள் ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டவை என்றால் கேட்கவே வேண்டாம். எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், இந்த வகைக் கிரீஸைச் சோப்பு நீரோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ கரைக்காது என்பது. துடைத்தும் தேய்த்தும்தான் எடுக்க வேண்டும். அதனால் பெரும்பாலோர் பழைய பூச்சின் மேலேயே புதியதைப் பூசுகிறார்கள். நானும் இரண்டு ஆண்டுகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அப்படித்தான் சிரத்தையாகச் செய்துவந்தேன். நான்காவது முறைக்குப் பிறகு விசைகள் சேற்றில் கால் வைத்ததுபோல மெதுவாக மேலே வந்தன. இரண்டு ஸ்விட்சுகளில் கிரீஸ் தொடுதகடு வரை வழிந்திருந்ததால் அழுத்தினாலும் சில நேரம் எழுத்து விழவில்லை. பராமரிப்பு என்று நினைத்துச் செய்ததையெல்லாம் துடைத்தெடுக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

அறிகுறி பார்த்துச் செய்யும் முறை இதைவிட அறிவார்ந்தது. ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. மசகு ஒரே நாளில் குறைவதில்லை. நாளுக்கு நாள் கூடும் உரசலுக்கு விரலும் காதும் பழகிப்போகின்றன. இதற்கு நான் கண்ட எளிய வழி, அதே பலகையிலேயே ஒப்பிட்டுப் பார்ப்பது. ஒரு விரலை அதிகம் உழைக்கும் ஈ (E) விசையிலும் இன்னொரு விரலை யாரும் தொடாத பாஸ் (Pause) விசையிலும் வைத்து, மிக மெதுவாக இரண்டையும் அடிவரை அழுத்த வேண்டும். ஸ்டெம் பயணம் செய்வது மொத்தம் 4 மில்லிமீட்டர்தான். அந்த இடைவெளியில் ஈ மட்டும் மணலில் தேய்வதுபோல உணரப்பட்டால் அங்கே மசகு போய்விட்டது என்று கொள்ளலாம். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் ஸ்விட்சுகளைத் திறக்கக் காரணமில்லை. இந்தச் சோதனைக்கு முன் விசையின் மேல்தொப்பியான கீகேப்பைக் கழற்றித் தூசியையும் முடியையும் துடைத்துவிட வேண்டும். உரசல் என்று நாம் நினைப்பதில் கணிசமான பங்கு தூசிதான்.

ஒருமுறை பூசினால் போதும் என்னும் கட்சிக்கு நான் எதிர்பார்த்ததைவிட அதிக நியாயம் இருக்கிறது. ஆனால் அது ஸ்விட்சின் உடலோடு முடிந்துவிடுகிறது. மெல்லிய படலமாகப் பூசிய லீனியர் ஸ்விட்ச், அதாவது இடையில் தடையின்றி வழுக்கி இறங்கும் வகை, பல ஆண்டுகள் அப்படியே ஓடும். ஸ்பேஸ் பார், என்டர், ஷிஃப்ட், பேக்ஸ்பேஸ் ஆகியவற்றின் அடியில் இருந்து நீண்ட விசை சாயாமல் தாங்கும் ஸ்டெபிலைசரின் நிலைமை வேறு. அங்கே ஒரு வளைந்த கம்பியின் முனை சிறிய பிளாஸ்டிக் துளைக்குள் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் சுழன்று அசைகிறது. அந்த இடைவெளியை நிரப்பி நிற்கும் கிரீஸ்தான் கடகட ஒலியைத் தடுக்கிறது. சில மாதம் உழைத்த ஸ்பேஸ் பாரின் கீகேப்பைக் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், கம்பி தொடும் இடம் பளிச்சென்று வெறுமையாகவும், இருபுறமும் கிரீஸ் வரப்புபோல ஒதுங்கியும் இருப்பதைக் காணலாம். கிரீஸ் தீர்ந்துபோகவில்லை; வேண்டிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான். ஆகவே பெரும்பாலும் புதிதாகச் சேர்க்கக்கூட வேண்டியதில்லை. ஒதுங்கியதைத் தூரிகையால் கம்பிமேல் தள்ளிவிட்டாலே சத்தம் அடங்கிவிடுகிறது.

எனவே என் தீர்ப்பு ஒரே எண்ணாக வராது. ஸ்டெபிலைசரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதும், அதிகம் தட்டச்சு செய்பவர் ஆண்டுக்கு ஒருமுறை அதன் கிரீஸைப் புதுப்பிப்பதும் நியாயம். இங்கு மட்டும் நாட்காட்டிக் கட்சியோடு நான் உடன்படுகிறேன். ஸ்விட்சுகளுக்குத் தேதியே வேண்டாம். மேலே சொன்ன ஒப்பீட்டில் தோற்றவற்றை மட்டும் திறந்தால் போதும், அவை பெரும்பாலும் பத்துப் பதினைந்தைத் தாண்டுவதில்லை. ஸ்பிரிங்குகளுக்கு இடும் மெல்லிய எண்ணெய், விசையை விட்டதும் கிணீரென்ற ஒலி திரும்பக் கேட்டால் மட்டுமே நினைவுக்கு வர வேண்டியது. அழுத்தும்போது நடுவில் ஒரு மேடு விரலுக்குத் தெரியும் டாக்டைல் ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள் ஸ்டெம்மின் மேடுள்ள கால்களில் பூசினால் அந்த மேட்டின் உணர்வே மங்கிவிடும். கிளிக் ஒலிக்காக வாங்கிய ஸ்விட்சில் ஒலியெழுப்பும் பாகத்தைத் தொடாமலிருப்பதே நல்லது.

நான் இப்போது பயன்படுத்தும் பலகைக்கு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஸ்பேஸ் பாரின் கம்பியை நான்கு முறை தொட்டிருக்கிறேன். ஸ்விட்சுகளில் திறந்தது ஈ, ஏ (A), இடது ஷிஃப்ட் ஆகிய மூன்றை மட்டும்.