டிரைசேயும் ஷாஸ்போவும்: இரண்டு ஊசித் துப்பாக்கிகள்

பின்பக்கமாகத் தோட்டா இடும் துப்பாக்கியை வடிவமைப்பவருக்குப் பெரும் தலைவலி, வெடிமருந்து எரிந்து எழும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிக் கசியாமல் அடைப்பதுதான். 1841-இல் பிரஷ்யப் படை ஏற்ற டிரைசேயையும், 1866-இல் பிரெஞ்சுப் படை ஏற்ற ஷாஸ்போவையும் பிரித்துக் காட்டுவதும் முக்கியமாக இந்த அடைப்பே.

இரண்டுக்கும் காகிதத் தோட்டாதான். விசையை இழுத்தால் ஊசியொன்று பாய்ந்து தோட்டாவைத் துளைக்கும். டிரைசேயில் பற்றவைக்கும் மருந்து, குண்டைத் தாங்கும் காகிதக்கூழ்க் கிண்ணத்தின் அடியில், அதாவது வெடிமருந்துக்கும் முன்னால் இருந்தது. ஆகவே ஊசி மருந்து முழுவதையும் ஊடுருவியே அதைத் தொட வேண்டியிருந்தது. மருந்து எரியும்போது அதன் நடுவில் நின்ற அந்த மெல்லிய ஊசி நாளடைவில் அரித்து முறிந்ததால், சிப்பாய்கள் மாற்று ஊசிகளையும் உடன் கொண்டு சென்றார்கள். அடைப்போ வெறும் இரும்போடு இரும்பு பொருந்துவதுதான். தேயத் தேய நெருப்பும் புகையும் பின்புறம் பீறிட்டன; கன்னத்தில் அணைத்துக் குறிபார்க்கத் தயங்கி இடுப்பருகே வைத்துச் சுட்டவர்களும் உண்டு.

ஷாஸ்போ பற்றவைக்கும் மருந்தைத் தோட்டாவின் பின்முனைக்குக் கொண்டுவந்ததால் ஊசி குட்டையானது. குழலின் பின்வாயைத் திறந்து மூடும் போல்ட் என்ற தண்டின் தலைக்குப் பின்னே ஒரு ரப்பர் வளையம் செருகப்பட்டது. வாயு தலையைப் பின்னுக்குத் தள்ளும்போது வளையம் நசுங்கிப் பக்கவாட்டில் விரிந்து இடைவெளியை மூடிவிடும். எளிய, அழகான தீர்வுதான். அழுத்தம் வீணாகாததாலும், 15.4 மில்லிமீட்டர் டிரைசேக்கு எதிரே 11 மில்லிமீட்டர் குழலே இருந்ததாலும், டிரைசேயின் குண்டு சுமார் 600 மீட்டரில் சோர்ந்துவிட, ஷாஸ்போவின் குறிமானி 1,200 மீட்டர் வரை அளவிடப்பட்டிருந்தது. ஆனால் அந்த ரப்பர் சூட்டில் கருகும், நாளாக ஆக விறைத்து விரிசல் விடும். எரியாத காகிதத் துணுக்கும் கரியும் தோட்டா அமரும் குழலறையில் படிந்து அடுத்த தோட்டா நுழைய மறுக்கும்.

1866 ஜூலை 3 அன்று கோனிக்கிரேட்ஸில் பிரஷ்யரோடு மோதிய ஆஸ்திரியர்களின் லோரன்ஸ் துப்பாக்கிக்கு வீச்சு அதிகம். எனினும் அதற்குக் குழல்வாய் வழியே நின்றபடி மருந்து கெட்டிக்க வேண்டியிருந்ததால், படுத்தபடியே விரைந்து சுட்ட டிரைசே முந்திக்கொண்டது. 1870 ஆகஸ்டு 18 அன்று பிரெஞ்சுப் படை நின்ற சான் பிரிவா ஊரை நோக்கித் திறந்த சரிவில் ஏறிய பிரஷ்யக் காவற்படையோ, தன் குண்டு எட்டாத தொலைவிலேயே ஷாஸ்போவுக்கு இரையாகி, இறந்தும் காயமுற்றும் ஏறத்தாழ 8,000 பேரை இழந்தது. பிரான்சுடனான அந்தப் போரில் பிரஷ்யாவைக் காப்பாற்றியதில் அதன் க்ருப் நிறுவனப் பீரங்கிகளுக்கே பெரும்பங்கு. துப்பாக்கியை மட்டும் ஒப்பிட்டால் ஷாஸ்போவையே நான் முன்வைப்பேன்.

இரண்டையும் பின்தள்ளியது உலோகத் தோட்டா. பிரிட்டன் 1866-இலேயே தன் பழைய என்பீல்டு துப்பாக்கிகளை, பின்பக்கமாக உலோகத் தோட்டா இடும் ஸ்னைடர் முறைக்கு மாற்றியிருந்தது. வெடிக்கும்போது பித்தளை உறையே விரிந்து குழலறையை அடைத்ததால் ரப்பரோ நீண்ட ஊசியோ தேவைப்படவில்லை. சுட்ட உறையைப் பின்னுக்கு இழுத்து, துப்பாக்கியைக் கவிழ்த்துத்தான் கீழே கொட்ட வேண்டும் என்பது ஸ்னைடரின் குறை. பிரான்சும் 1874-இல் கிரா முறைப்படி ஷாஸ்போக்களை உலோகத் தோட்டாவுக்கு மாற்றத் தொடங்கியது.