மின்வெட்டுக் காலத்தில் தொடங்கிய டொக்கர்: நான்கு வருடப் பாவனை அனுபவம்

2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றதே, அந்த நாட்களில் ஒன்று. திருகோணமலை உப்புவெளியில் என் அறையில் இருந்த மேசைக் கணினி வேலை நடுவில் அணைந்தது. மின்சாரம் திரும்பி வந்த பிறகு, கணினியில் நேரடியாக நிறுவி வைத்திருந்த தரவுத்தளம் எழும்பவே இல்லை. நிலாவெளி விடுதி ஒன்றின் தளம் அதில் இருந்தது. அறைப் பதிவும், திமிங்கிலம் பார்க்கப் போகும் படகுப் பதிவும் அந்தத் தளத்தில்தான் நடக்கும். சீசன் தொடங்க ஒரு மாதம்தான் இருந்தது.

நல்ல காலத்துக்கு, சில மாதங்களுக்கு முன் டொக்கர் (தளத்துக்கு வேண்டிய மென்பொருள்களைக் கொன்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளுக்குள் ஓட்டும் கருவி) பழகலாம் என்று அதே தளத்துக்கு லப்டொப்பில் ஒரு கொம்போஸ் கோப்பு, அதாவது எந்தெந்தப் பெட்டி எப்படி ஓட வேண்டும் என்ற பட்டியல், எழுதி வைத்திருந்தேன். தளத்தின் கோட், பதிப்புகளைச் சேமித்து வைக்கும் ‘கிட்’டில் இருந்தது. தரவுத்தளத்தின் முந்தைய நாள் பிரதி பென்ட்ரைவில் இருந்தது. லப்டொப் பற்றரி தீருவதற்குள் தளம் முழுதாக ஓடியது. அன்றைக்குப் பிறகு நான் பழைய முறைக்குத் திரும்பவில்லை.

பழைய முறை என்றால் ஸாம்ப், சேர்வரையும் தரவுத்தளத்தையும் ஒன்றாகக் கணினியில் நிறுவும் பொதி. அதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. நான் வேலை பழகியதே அதில்தான். ஆனால் என்ன பதிப்பு, எந்த நீட்சி, எந்த அமைப்பில் எதை மாற்றினேன் என்பதெல்லாம் அந்த ஒரு கணினிக்குள்ளும் என் ஞாபகத்திலும் மட்டும் இருந்தது. டொக்கரில் அது 40 வரிக் கோப்பாக எழுத்தில் இருக்கிறது. கணினி போனாலும் எழுத்து போகாது. என்னைப் பொறுத்தவரை டொக்கரின் பெறுமதி இதுதான். வேகம் இரண்டாம் பட்சம், அதுவும் தொடக்கத்தில் கிடைக்கவில்லை.

வேகத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். கொன்டெய்னருக்கு லினக்ஸ் கேர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) தேவை. விண்டோஸில் அதை, உள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 கொடுக்கிறது. நான் கோட்டை வழக்கம்போல சி டிரைவில் வைத்திருந்தேன். முகப்புப் பக்கம் திறக்க எட்டு, ஒன்பது செக்கன் எடுத்தது. தளம் எழுதப்பட்ட மொழியான பிஎச்பி ஒரு பக்கத்துக்கு நூற்றுக்கணக்கான சிறு கோப்புகளைத் திறக்கும். ஒவ்வொரு முறையும் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பக்கம் போய் வர வேண்டியிருந்தது. முழுக் கோப்புறையையும் லினக்ஸ் பக்கத்து ‘ஹோம்’ கோப்புறைக்குள் மாற்றினேன். ஒரு செக்கனுக்குள் வந்தது. வேறு எதையும் தொடவில்லை.

அந்த மாற்றத்தால் இன்னொன்றும் வெளியே வந்தது. புறாத்தீவுப் படங்களில் பாதி காணாமல் போயின. கமெராவிலிருந்து வந்த கோப்புப் பெயர்கள் பெரிய எழுத்தில் முடிந்தன, கோட்டில் சின்ன எழுத்து. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும், லினக்ஸ் பார்க்காது. தளம் கடைசியில் போய் இருக்கப்போவது லினக்ஸ் சேர்வரில். முன்பெல்லாம் இந்தப் பிழையைத் தளம் ஏற்றிய பிறகு வாடிக்கையாளர்தான் கண்டுபிடிப்பார்.

நினைவகம் பற்றிச் சுருக்கமாக. 8 ஜிபி லப்டொப்பில் டபிள்யூஎஸ்எல் பாதியை எடுத்துக்கொள்ளும், உலாவி திணறும். அதன் கொன்ஃபிக் கோப்பில் மெமரியை 3 ஜிபி என்று கட்டுப்படுத்தினேன், சமாளித்தது. பிறகு 16 ஜிபி ஆக்கிக்கொண்டேன்.

என் கைப்பிழையால் நடந்த இழப்பு ஒன்று. எல்லாவற்றையும் துப்புரவாக நிறுத்தித் திரும்பத் தொடங்கலாம் என்று ‘கொம்போஸ் டவுன்’ கட்டளையோடு ‘மைனஸ் வி’ சேர்த்து அடித்தேன். அந்த ஓர் எழுத்து, தரவுத்தளம் குடியிருக்கும் வொல்யூமையும் சேர்த்து அழிக்கும். மூன்று நாள் தட்டச்சு செய்த தமிழ் உள்ளடக்கம் போனது. கொன்டெய்னரை அழித்தால் கோட் போகாது, வொல்யூமை அழித்தால் தரவு போய்விடும். இந்த வித்தியாசத்தை முதல் நாளே தாளில் எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். இப்போது தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் தரவுத்தளப் பிரதியை வெளியே எடுத்து வைக்கிறது.

மின்வெட்டுக்கும் ஒரு வரி தேவைப்பட்டது. திடீரென்று அணைந்த பின், தரவுத்தள மென்பொருளான மரியாடிபி எழும்பும்போது தன்னைத் தானே சரிபார்த்து மீள்வதற்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். கொம்போஸில் ‘டிபென்ட்ஸ் ஒன்’ என்று மட்டும் போட்டால், தரவுத்தளக் கொன்டெய்னர் தொடங்கியதா என்று பார்க்குமே தவிர, அது பதில் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டதா என்று பார்க்காது. பிஎச்பி முந்திப் போய்க் கதவைத் தட்டி, இணைப்பு மறுக்கப்பட்டது என்று நிற்கும். தரவுத்தளம் பதில் சொல்கிறதா என்று சோதிக்கும் ஹெல்த்செக் ஒன்றை எழுதி, ‘சேர்விஸ் ஹெல்தி’ ஆகும்வரை காத்திருக்கச் சொன்ன பிறகு அந்தத் தொல்லை இல்லை.

கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி என்னிடம் வேலை பழகுகிறார். அவர் வீட்டில் இருப்பது மொபைல் டேட்டா மட்டும். முதல் நாள் இமேஜ் (கொன்டெய்னர் உருவாகும் அச்சு) இறக்கத் தொடங்கியவுடனே, அனுமதித்த அளவு முடிந்துவிட்டது என்று நின்றது. கணக்கில் உள்நுழையாமல் இறக்குபவர்களுக்கு, இமேஜ்கள் இருக்கும் தளமான டொக்கர் ஹப்பில் 2020 நவம்பர் முதல் வரம்பு உண்டு: ஓர் ஐபி முகவரிக்கு 6 மணித்தியாலத்துக்கு 100 இறக்கம். மொபைல் வலையமைப்பில் பலர் ஒரே ஐபியில் வெளியே போவதால், யாரோ இறக்கியதும் உங்கள் கணக்கில் சேரும். இலவசக் கணக்கில் உள்நுழைந்தால் இது தீரும். ஆனால் டேட்டா செலவு தீராது. அதனால் என் கணினியில் இமேஜ்களைக் கோப்பாக்கும் ‘டொக்கர் சேவ்’ செய்தேன். பிஎச்பியும் மரியாடிபியும் சேர்ந்து ஒரு ஜிபியைத் தொட்டது. பென்ட்ரைவில் போட்டுக் கொடுத்தேன். தம்பி பாலத்தைத் தாண்டி வீட்டுக்குப் போய் ‘டொக்கர் லோட்’ அடித்து, இரவு அழைத்தார்.

“அண்ணா, உங்கட கணினியில பார்த்த அதே பக்கம். ஒண்டும் நிறுவேல்லயே நான்!”

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்துக்காகவே இந்த வேலையை இன்னொரு தரம் செய்வேன்.

தமிழ்த் தளம் செய்பவர்களுக்கு இனிச் சொல்வது முக்கியம். மாவட்டத்து ஊர்ப்பெயர்களை அகரவரிசையில் காட்டும் பக்கம் ஒன்று செய்தோம். பட்டியலில் கப்பல்துறைக்கு முன்னால் கன்னியா வந்தது. நெடுங்கணக்கில் னகரம் கடைசி மெய், பகரம் அதற்கு எவ்வளவோ முன். ஆனால் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ந-வுக்கு அடுத்த இடம் ன-வுக்கு, அதற்குப் பிறகுதான் ப. வெறும் ‘சோர்ட்’ அந்த எண்களைப் பார்த்துத்தான் அடுக்கும். பிஎச்பியின் ‘இன்டில்’ நீட்சியில் உள்ள கொலேட்டருக்குத் தமிழ் என்று சொன்னால் சரியாக அடுக்கும். உத்தியோகபூர்வ பிஎச்பி இமேஜில் இன்டில் கூடவே வருவதில்லை, இமேஜின் செய்முறையை எழுதும் டொக்கர்ஃபைலில் இரண்டு வரி சேர்த்து நிறுவ வேண்டும். அந்த இரண்டு வரி எழுத்தில் இருப்பதால், தம்பியின் லப்டொப்பிலும் கப்பல்துறை முதலில், கன்னியா பின்னால். தமிழ் பிள்ளைகள் பார்க்கும் தளத்தில் நெடுங்கணக்கு பிழையாக நிற்பதை என்னால் பொறுக்க முடியாது.

நேரமும் இப்படித்தான். கொன்டெய்னர்கள் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் ஓடும், நாம் ஐந்தரை மணித்தியாலம் முன்னால். படகு விடியற்காலையில் புறப்படும் என்பதால் சிலர் அதிகாலை நாலரைக்குக் கூடக் கடைசி இருக்கையைப் பதிவார்கள். சோதனைப் பதிவு ஒன்றை அந்த நேரத்துக்கு வைத்துப் பார்த்தபோது, அது முதல் நாள் இரவு 11 மணிக் கணக்கில் விழுந்தது. படகுப் பட்டியலில் பெயரே இல்லை. கொன்டெய்னருக்குக் கொடுக்கும் சூழல் மாறியில் நேர வலயத்தை ஆசியா/கொழும்பு என்று போட்டேன், தரவுத்தளம் திருந்தியது, பிஎச்பி திருந்தவில்லை. பிஎச்பி அந்த மாறியைக் கவனிக்காது. அதன் ‘பிஎச்பி.இனி’ எனும் அமைப்புக் கோப்பில் நேர வலயத்தைத் தனியே எழுத வேண்டும். இரண்டையும் எழுதிய பிறகுதான் பதிவு சரியான திகதியில் வந்தது.

எல்லோருக்கும் இது தேவையா என்றால், இல்லை. நான்கு பக்க நிலையான தளம் ஒன்றை ஒருவர் தனியாகச் செய்து கொடுப்பதற்கு டொக்கர் வேண்டாம். தரவுத்தளம் இருந்து, இரண்டு பேர் தொடும் தளமாக இருந்து, வருடக்கணக்கில் பராமரிக்க வேண்டியிருந்தால் தயங்காதீர்கள். இமேஜ் பெயருக்குப் பின்னால் ‘லேட்டஸ்ட்’ என்று மட்டும் எழுதாதீர்கள், பதிப்பு எண்ணை எழுதுங்கள்.

பதிப்பு எண்ணை எழுதியதன் பலனை 2022 நவம்பரில், பிஎச்பி 7.4க்கான ஆதரவு நின்றபோது பார்த்தேன். விடுதித் தளத்தில் 8.0இல் நீக்கப்பட்ட ‘ஈச்’ என்ற செயற்கூறு இருந்தது. 7.4ஐ ஒரு போர்ட்டிலும் புதியதை இன்னொரு போர்ட்டிலும் ஓடவிட்டு, பக்கத்தில் பக்கம் வைத்துத் திருத்தினேன். ஒரே கணினியில், ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல்.

இப்போது தளம் 8.2இல் இருக்கிறது. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 டிசம்பரோடு முடிகின்றன. போன கிழமை தம்பி அந்த ஒரு வரியை 8.4 என்று மாற்றி ஓட்டிப் பார்த்து, எச்சரிக்கை வந்த மூன்று இடங்களையும் குறித்து அனுப்பியிருக்கிறார். படகுகள் கரையில் நிற்கும் மாரி மாதங்களில் அவரே திருத்துவதாகப் பேச்சு.